அணியில் ஓர் இடம் காலி!



சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவிகளின் கூடைப்பந்துப் போட்டி ஒன்றைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியும் கூட வந்தாள். விறுவிறுப்பான ஆட்டம். கடைசி நிமிடத்தில்தான் வெற்றி யாருக்கு என்று தெரிந்தது.

விசில் ஊதியதும் ஒரு வேடிக்கை நடந்தது. வெற்றி பெற்ற அணியில் நான்கு அக்காக்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்!

"ஜெயிச்சிட்டு ஏன் தாத்தா அழறாங்க?" என்றாள் பேத்தி.

பக்கத்தில் இருந்த ஒருவர் விளக்கினார். அந்த நால்வரும் கடைசி ஆண்டு மாணவிகள். கல்லூரிக்காக அவர்கள் ஆடும் கடைசி ஆட்டம் அதுதானாம்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், "அப்போ அடுத்த வருஷம் அந்த நாலு இடத்துக்கு யாரு வருவாங்க? அவங்களை யாரு கூப்பிடுவாங்க?"

நல்ல கேள்வி! பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

பன்னிரண்டு பேர் கணக்கு

கூடைப்பந்தில் ஒரே நேரத்தில் களத்தில் ஆடுபவர்கள் 5 பேர்தான். ஆனால் அணியில் பொதுவாக 12 பேர் இருப்பார்கள். மற்ற 7 பேர் ஓரத்தில் அமர்ந்திருப்பார்கள். ஆடுபவர் களைத்தாலோ, 5 தவறுகள் செய்து வெளியேறினாலோ இவர்களில் ஒருவர் உள்ளே போவார்.

நம் கல்லூரிகளில் பட்டப் படிப்பு பெரும்பாலும் 3 ஆண்டுகள். 12 பேரும் மூன்று வகுப்புகளிலும் சமமாக இருந்தால், ஆண்டுதோறும் எத்தனை பேர் வெளியேறுவார்கள்? 12ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள். நான்கு! எவ்வளவு சிறந்த அணியாக இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போய்விடுவார்கள்.

சரி, யாராவது நாலு பேரைச் சேர்த்தால் போதாதா? போதாது. கல்யாண வீட்டுச் சமையல் குழுவில் சோறு வடிப்பவர் போய்விட்டால், இனிப்புப் போடத் தெரிந்தவரை அழைத்து வந்து என்ன பயன்? கூடைப்பந்தும் அப்படித்தான். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் அருகே நின்று, எகிறி வரும் பந்தைப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு வேகமாக முன்னேறி, யாரிடம் கொடுக்கலாம் என்று நொடியில் முடிவெடுக்க வேறொருவர் வேண்டும். தூரத்திலிருந்து குறி தவறாமல் எறிய இன்னொருவர். போனவர் யார் என்று பார்த்துத்தான் வருபவரைத் தேட வேண்டும்.

யார் தேடுகிறார்கள்?

உங்கள் பள்ளியில் பி.டி. சார் அல்லது பி.டி. டீச்சர் இருப்பார். கல்லூரியில் அதே வேலையைப் பார்ப்பவரை உடற்கல்வி இயக்குநர் என்பார்கள். காலி இடத்துக்கு ஆள் தேடுவது அவரும் அணியின் பயிற்சியாளரும்தான்.

எங்கே தேடுவார்கள்? போட்டி நடக்கும் இடங்களில்! பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு ஏணி மாதிரி படிகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் குறுவட்டப் போட்டி. அடுத்து மாவட்டப் போட்டி. அதற்கு மேல் மாநிலப் போட்டி. அதையும் தாண்டினால் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. இவை போக முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் நடக்கின்றன. மேல் படிகளில் ஏறிய மாணவர்கள் கல்லூரிப் பயிற்சியாளர்களின் கண்ணில் எளிதாகப் படுவார்கள்.

பயிற்சியாளர் எதைக் கவனிப்பார்? எத்தனை பந்து வளையத்துக்குள் விழுந்தது என்பதை மட்டும் அல்ல. கால்கள் எப்படி நகர்கின்றன? பந்து கையில் இல்லாதபோது இவன் என்ன செய்கிறான்? எறிந்த பந்து தவறிவிட்டால் தலையில் கை வைத்து நிற்கிறானா, தன் பக்கத்தைக் காக்கத் திரும்பி ஓடுகிறானா? தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்கிறானா? இப்படிப் பல.

அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஆட்டத்தில் இருக்கிறவனை எல்லோரும் பார்ப்பாங்க சார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனையும் பார்ப்பேன். கூட்டாளி புள்ளி எடுக்கிறப்போ கை தட்டுகிறானா என்று பார்ப்பேன்."

வளையம் இல்லாத ஊர்

இப்போது ஒரு கேள்வி. போட்டிக்கு வராத பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கே நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. வெள்ளிமலையும் சுற்றியுள்ள சிற்றூர்களும் அங்கேதான் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி அது. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி நடந்து பழகிய பிள்ளைகள். மூச்சு வாங்காமல் ஓடுவார்கள்.

ஆனால் கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் வேண்டும். இரண்டு கம்பங்கள், பலகைகள், வளையங்கள் வேண்டும். மலையில் அவ்வளவு பெரிய சமதளம் கிடைத்தால் அதில் மரவள்ளி நட்டுவிடுவார்கள்! கபடி என்றால் ஒரு கோடு கிழித்தால் போதும். கூடைப்பந்து அப்படி இல்லையே.

மலையடிவாரத்தில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். பி.டி. சார் கிடையாது. விளையாட்டு வகுப்பையும் நானே எடுப்பேன். பழைய சைக்கிள் ரிம் ஒன்றை வேப்பமரத்தில் கட்டி வைத்தேன். அதுதான் எங்கள் வளையம். உண்மையான வளையத்தின் குறுக்களவு 45 செ.மீ. எங்களுடையது கொஞ்சம் தாராளம்! பந்து? பழைய கால்பந்துதான்.

1999ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மலை ஊரிலிருந்து வந்து, உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவன். வகுப்பிலேயே உயரம். அந்த ரிம்முக்குள் பத்துக்கு எட்டு முறை பந்தைப் போடுவான். அதைவிட முக்கியம், சின்னப் பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்து, "நீ போடுடா" என்று தூக்கிவிடுவான்.

"உன்னை விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடுகிறேன்" என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

விளையாட்டு விடுதி என்றால் என்ன என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது பல ஊர்களில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. வழக்கமாக 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர இருப்பவர்களுக்குத் தேர்வு வைத்துச் சேர்ப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. பக்கத்துப் பள்ளியில் படிக்கவும் செய்யலாம். தேர்வு பெரும்பாலும் கோடை விடுமுறையில் நடக்கும்.

அந்த ஆண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? விடுமுறை வந்ததும் மறந்துவிட்டேன். மே மாதத்தில் ஒருநாள் மளிகைக் கடையில் மிளகாய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தப் பழைய செய்தித்தாளில் விளையாட்டு விடுதித் தேர்வு அறிவிப்பு இருந்தது! தேதியைப் பார்த்தேன். தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பள்ளி திறந்ததும் டி.சி. வாங்க வந்தவனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பரவாயில்லைங்க சார், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றான். என்னைத் தேற்றினான்!

ஆனால் அடுத்த வருஷம் வரவில்லை. மிளகுத் தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டான். பிறகு அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அவன் தேர்வில் வென்றிருப்பானா? எனக்குத் தெரியாது. ஆனால் அவனை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, விளையாட்டு அறிவிப்பு எதைப் பார்த்தாலும் வெட்டிப் பள்ளிப் பலகையில் ஒட்டுவதை வழக்கமாக்கிக் கொண்டேன்.

கல்லூரி என்ன தரும்?

"சரி தாத்தா, நல்லா விளையாடினா காலேஜ்ல என்ன தருவாங்க?" என்று பேத்தி கேட்டாள்.

பல வழிகள் இருக்கின்றன. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையின்போது சிறப்புப் பிரிவினருக்கு முதலில் கலந்தாய்வு நடக்கும். விளையாட்டு வீரர்களும் அந்தப் பிரிவில் வருவார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தனியார் கல்லூரிகள் சிலவும் சிறந்த வீரர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும். சில இடங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு மூன்றுமே இலவசம். கல்லூரி மாணவர்களுக்கென்று அரசின் சிறப்புநிலை விளையாட்டு விடுதிகளும் உண்டு.

இதற்கெல்லாம் சான்றிதழ் தேவை. எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எந்த இடம் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். குறுவட்டச் சான்றிதழைவிட மாநிலச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். அதனால் சான்றிதழைப் பரணில் போடாதீர்கள். எலி சான்றிதழ் என்று பார்த்துக் கடிக்காது!

இன்னொன்று. இடம் தருகிறேன் என்று ஒரு கல்லூரி சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கட்டணச் சலுகை முதல் ஆண்டுக்கு மட்டுமா, மூன்று ஆண்டுக்குமா? காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா? போட்டிக்குப் போகும் நாட்களில் தவறிய பாடத்தை யார் சொல்லித் தருவார்கள்? வாய்ப் பேச்சாக இல்லாமல் எழுத்தில் தருவார்களா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கல்லூரி உங்களைத் தேர்ந்தெடுக்கிறது. நீங்களும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

அமெரிக்காவில் எப்படி?

கூடைப்பந்து பிறந்த நாடு அமெரிக்கா. 1891ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்பதற்காக, பீச் பழக் கூடைகளை உயரத்தில் மாட்டினார். கூடையின் அடிப்பக்கம் மூடியிருந்தது. ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் ஏறி எடுக்க வேண்டும்! வகுப்பில் 18 பேர் இருந்ததால் முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு 9 பேர் ஆடினார்கள்.

அங்கே கல்லூரிக் கூடைப்பந்து ஒரு திருவிழா போல. முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. அவற்றின் பயிற்சியாளர்கள் நாடு முழுவதும் பயணம் செய்து பள்ளி மாணவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் மாணவனின் வீட்டுக்கே போய்ப் பெற்றோரிடம் பேசுவார்கள். "எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வா, படிப்புச் செலவு எங்களுடையது" என்பார்கள். எந்த நாட்களில் பார்க்கலாம், எந்த நாட்களில் பேசக் கூடாது என்பதற்குக்கூட விதிகள் உண்டு.

ஆனால் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்க முடியாது. முதல் பிரிவின் ஆண்கள் அணியில் நீண்ட காலம் 13 பேருக்குத்தான் முழு உதவித்தொகை தரலாம் என்று விதி இருந்தது. 2025-26 பருவத்திலிருந்து புதிய ஏற்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அணிக்கு 15 பேர் என்பது உச்ச வரம்பு. இத்தனை பெரிய நாட்டில் ஓர் அணிக்கு 15 இடங்கள்!

உதவித்தொகை எதுவும் இல்லாமல், "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்று தாமாகவே வந்து அணியில் சேரும் மாணவர்களும் அங்கே உண்டு. நன்றாக ஆடினால் பின்னால் அவர்களுக்கும் உதவித்தொகை கிடைக்கலாம்.

டி.சி. வாங்கும் வீரர்கள்

இனிதான் முக்கியமான விஷயம். காலி இடத்தைப் பள்ளி மாணவனைக் கொண்டுதான் நிரப்ப வேண்டுமா? இன்னொரு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவரை அழைத்து வரக் கூடாதா?

அழைக்கலாம். நாம் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போவது போல அங்கே வீரர்களும் பல்கலைக்கழகம் மாறுகிறார்கள். முன்பெல்லாம் மாறினால் ஒரு தண்டனை மாதிரி விதி இருந்தது. புதிய இடத்தில் ஓர் ஆண்டு போட்டியில் ஆடாமல் காத்திருக்க வேண்டும். அதனால் பலரும் மாறத் தயங்கினார்கள்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் இதற்கென ஒரு கணினிப் பட்டியல் தொடங்கப்பட்டது. மாற விரும்பும் மாணவரின் பெயர் அதில் ஏறும். மற்றப் பயிற்சியாளர்கள் பார்த்து அழைப்பார்கள். நம் பள்ளி அறிவிப்புப் பலகை மாதிரிதான். 2021இல், ஒருமுறை மாறினால் காத்திருக்க வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2024இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. பணமும் இதில் சேர்ந்துகொண்டது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் விளம்பரங்களில் தோன்றிச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்.

விளைவு? 2025ஆம் ஆண்டில் முதல் பிரிவின் ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள்!

"மாறுறது தப்பா தாத்தா?" என்றாள் பேத்தி.

தப்பு என்று சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு ஆட ஆசை இருக்காதா? சேர்த்துவிட்ட பயிற்சியாளரே வேறு ஊருக்குப் போய்விட்டால் மாணவன் என்ன செய்வான்? வீட்டில் அம்மாவுக்கு உடல்நலம் இல்லை, பக்கத்து ஊரில் இருந்தால் நல்லது என்றும் இருக்கலாம்.

ஆனால் எதற்கும் இன்னொரு பக்கம் உண்டு. பட்டியலில் பெயர் கொடுத்த எல்லோருக்கும் புது இடம் கிடைப்பதில்லை. பழைய இடமும் போய், புது இடமும் கிடைக்காமல் நிற்பவர்கள் உண்டு. படித்த பாடங்கள் எல்லாவற்றையும் புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாற்று விட்டு, தண்ணீர் பாய்ச்சி, களை எடுத்து வளர்ப்பதைவிட, விளைந்த பயிரை வாங்குவது சுலபம் அல்லவா? கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடித் தேர்ந்த 20 வயது வீரர் கிடைக்கும்போது, 17 வயதுப் பள்ளி மாணவனை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று சில பயிற்சியாளர்கள் நினைக்கிறார்கள். அணியில் இருப்பது 15 இடங்கள்தானே! வெளியிலிருந்து ஒருவர் வந்து அமர்ந்தால் பள்ளி மாணவன் ஒருவனுக்கு இடம் இல்லை.

இதைச் சொல்லும்போது என் மனம் அமெரிக்காவில் இல்லை. சைக்கிள் ரிம்மில் பந்து போட்ட அந்தப் பையனிடம் இருந்தது. எந்த ஊராக இருந்தாலும், ஏற்கெனவே பயிற்சி பெற்றவரைத் தேர்ந்தெடுப்பது சுலபம். திறமை இருந்தும் பயிற்சி கிடைக்காத பிள்ளைக்குக் காத்திருந்து இடம் கொடுப்பதுதான் கடினம்.

நம் பக்கத்து வீராங்கனைகள்

சென்னைக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பல ஊர்களுக்கும் விளையாட்டுகளைக் கொண்டு சென்றார்கள்.

சென்னையைச் சேர்ந்த பி. அனிதா இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்தவர். தெற்கு ரயில்வேயில் பணி புரிந்தவர். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கேரளாவில் பிறந்த கீத்து அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேக்காக ஆடச் சென்னைக்கு வந்தவர். 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை அணிகளின் தேர்வு முகாமுக்கும் போய் வந்தார். ஒருவர் ஆட்டத்துக்காக எத்தனை ஊர் மாறியிருக்கிறார் பாருங்கள்! பெங்களூருவைச் சேர்ந்த சஞ்சனா ரமேஷ் அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக அணியில் ஆடினார்.

மதிப்பெண் தடுத்த ஏழடி மனிதர்

கடைசியாக ஒருவர். பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்தவர் சத்னாம் சிங். உயரம் 7 அடி 2 அங்குலம்! லூதியானாவில் பயிற்சி பெற்றார். 2010ஆம் ஆண்டு, 14 வயதில், உதவித்தொகையோடு அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார். ஆங்கிலமே தெரியாது. வகுப்பும் ஆட்டமும் இரண்டும் புதிது.

அவரைப் போன்ற உயரமான வீரரை அமெரிக்கக் கல்லூரிகள் கொத்திக்கொண்டு போகும் என்றுதானே நினைப்பீர்கள்? ஆனால் அங்கே கல்லூரி அணியில் ஆட, பள்ளிப் பாடங்களில் குறிப்பிட்ட தகுதி வேண்டும். அந்தத் தகுதியை எட்ட அவர் திணறினார். கல்லூரி வழி அடைபட்டது. அதனால் 2015ஆம் ஆண்டு நேராகத் தொழில்முறைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். டல்லஸ் மாவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம் பிடித்த முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் அந்த அணிக்காக என்.பி.ஏ. ஆட்டத்தில் அவர் களம் இறங்கவே இல்லை.

ஏழடி உயரம் எல்லோருக்கும் வாய்க்காது. அது வாய்த்தவருக்கே மதிப்பெண் தேவைப்பட்டது என்றால் ஐந்தடி உயரம் உள்ள நமக்கு?

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

1. உங்கள் பள்ளி குறுவட்டப் போட்டிக்குப் போகிறதா என்று கேளுங்கள். போகிறது என்றால் பெயர் கொடுங்கள். முதல் படியில் ஏறாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

2. விளையாட்டு விடுதித் தேர்வு பற்றி ஏப்ரல், மே மாதங்களில் விசாரியுங்கள். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் சொல்வார்கள். ஆணையத்தின் இணையதளத்திலும் அறிவிப்பு வரும்.

3. ஆதார், பிறந்த தேதிச் சான்று, சாதிச் சான்று, விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரே பையில் வையுங்கள்.

4. மைதானம் இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். ஓடுங்கள், தாண்டுங்கள், சுவரில் பந்தை எறிந்து பிடியுங்கள்.

5. நன்றாக ஆடும் நண்பனோ தோழியோ இருந்தால், அவர்களுக்கும் தேர்வு நாளைச் சொல்லுங்கள்.

இந்த ஐந்தாவதைச் சொன்னபோது பேத்தி முகத்தைச் சுளித்தாள். "அவங்களும் வந்தா என் இடம் போயிடுமே தாத்தா!"

"போகலாம்தான். ஆனா கூடைப்பந்தை ஒருத்தி மட்டும் ஆட முடியாதே. உன்னோட சேர்ந்து ஆட இன்னும் நாலு பேர் வேணும்ல?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் செய்தித்தாளை விரித்தேன். நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை! கத்தரிக்கோலை யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. அன்று அவள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டிருந்ததாகப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

உங்கள் பள்ளிப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறது? நாளைக்கே போய்ப் பாருங்கள், குழந்தைகளே!